எதிர்க்கடைக்கு லிங்க் கொடுத்தது யார்? கண்டுபிடிக்க எந்த வழிக்குக் காசு கொடுக்கலாம்

காங்கேயத்தில் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் விற்கும் என் மச்சான் ஒரு நாள் ராத்திரி போனில் கேட்டார்: "மாப்ள, கூகுள்ல நம்ம கடை மூணாவது பக்கத்துல கிடக்குதுங்க. நேத்து ஆரம்பிச்சவன் முதல் பக்கத்துல நிக்கிறான். அவனுக்கு யார் யாரு லிங்க் குடுத்திருக்காங்கன்னு பார்க்கறதுக்கு சாஃப்ட்வேர் இருக்குதாமா. அதுல எதைங்க வாங்கறது?"

அவரிடம் ஏற்கெனவே மூன்று யோசனைகள் இருந்தன. ஓர் ஏஜென்சி மாதம் 15,000 ரூபாய் கேட்டிருந்தது. மகனின் நண்பன் ஒருவன் மாதம் 129 டாலர் கட்டி ஒரு மென்பொருளை வாங்கச் சொல்லியிருந்தான். யூடியூபில் ஒருவர் எல்லாமே இலவசம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சின்னக் கடைகளின் தளங்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பேக்லிங்க்கைச் சிலர் 'பின்னிணைப்பு' என்று எழுதுகிறார்கள். பின்னிணைப்பு என்றால் நமக்குப் புத்தகத்தின் கடைசியில் வரும் அட்டவணைதான் நினைவுக்கு வரும். அதனால் நான் பேக்லிங்க் என்றே எழுதுகிறேன். வேறொருவர் தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் சுட்டி, அவ்வளவுதான்.

கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது பிடித்துக்கொண்ட யோசனை, நம் ஊரில் வரன் விசாரிக்கிற முறைதான். பையன் வீட்டார் தங்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டோம். நாலு பேரிடம் கேட்போம். அந்த நாலு பேரில் யார் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்றும் பார்ப்போம். 1998-இல் அவர்கள் வெளியிட்ட பேஜ்ரேங்க் கணக்கு இதையே லிங்க்குகளை வைத்துச் செய்தது. இன்று அதன் எடை குறைந்திருக்கிறது. லிங்க் இப்போது முதல் மூன்று காரணிகளில் ஒன்று இல்லை என்று கூகுளின் கேரி இல்யெஸ் 2023-இல் ஒரு மாநாட்டில் சொன்னார். இருந்தாலும் ஒரே மாதிரி எண்ணெய், ஒரே மாதிரிப் பக்கம், ஒரே மாதிரி விலை வைத்திருக்கும் இரண்டு கடைகளில் ஒன்றைப் பற்றி நாலு நல்ல தளங்கள் பேசினால், அது மேலே போவதை இன்றும் பார்க்கிறேன்.

ஒரு காலத்தில் இதைத் தெரிந்துகொள்ளக் காசே வேண்டியதில்லை. யாஹூவில் சைட் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இருந்தது. யாருடைய தளத்தைப் போட்டாலும் அதற்கு வரும் லிங்க்குகளைக் காட்டும். 2011 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். கூகுளில் 'லிங்க்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, தள முகவரி போட்டுத் தேடுகிற வழியும் அரைகுறையாக உயிரோடு இருந்தது. 2017-இல் அதுவும் போய்விட்டது. அதற்கப்புறம் அடுத்தவர் லிங்க்கைப் பார்க்க வேண்டும் என்றால், இணையத்தைத் தானே ஊர்ந்து பட்டியல் போடும் மூன்றாவது ஆளிடம்தான் போக வேண்டும். இந்த வியாபாரம் வளர்ந்தது அப்படித்தான்.

அந்த மூன்றாவது ஆட்கள் யாருமே கூகுள் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர்ந்தி (இணையத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவரும் நிரல்), ஒரு கிடங்கு, ஒரு கணக்கு முறை. ஒரே தளத்தை நாலு கருவியில் போட்டால் நாலு எண்ணிக்கை வரும். பயப்பட வேண்டாம், அது இயல்பு. எண்ணிக்கையைப் பார்க்கும்போது மொத்த லிங்க்கைப் பார்க்காதீர்கள், எத்தனை டொமைன்களிலிருந்து, அதாவது எத்தனை தனித்தனித் தளங்களிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு தளத்தின் அடிப்பகுதியில் உங்கள் எதிராளியின் பெயர் ஒட்டியிருந்து, அந்தத் தளத்தில் 3,000 பக்கங்கள் இருந்தால், கருவி 3,000 லிங்க் என்று காட்டும். உண்மையில் அது ஒரே ஆள் சொன்ன ஒரே சிபாரிசு.

இன்னொன்றையும் கருவியைத் திறக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். எதிராளி யார்? மச்சான் எதிர்த்தெருக் கடைக்காரரின் பெயரைச் சொன்னார். அவருக்கு இணையதளமே இல்லை. நாம் விற்கும் பொருளின் பெயரைக் கூகுளில் தட்டினால் யார் வருகிறார்களோ, அவர்கள்தான் இங்கே எதிராளி. அதிலும் அமேசான், ஃபிளிப்கார்ட் வந்தால் விட்டுவிடுங்கள். அவர்கள் லிங்க்கை ஆராய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நம் அளவுள்ள நாலு கடைகள் போதும். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை தேடிப் பாருங்கள், இரண்டிலும் வேறு வேறு ஆட்கள் வருவார்கள். 'மரச்செக்கு தேங்காய் எண்ணெய்' என்று தமிழில் தேடினால் மேலே வந்த பக்கங்கள் சிலவற்றுக்கு வெளியிலிருந்து லிங்க்கே கிட்டத்தட்ட இல்லை. அங்கே கருவிக்குக் காசு செலவழிப்பது வீண். நல்ல தமிழில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு பக்கம் எழுதினாலே போட்டிக்கு வந்துவிடலாம். ஆங்கிலத் தேடலில்தான் கூட்டம். மச்சானின் பிரச்சினையும் அங்கேதான்.

காசில்லாத வழி

யூடியூப்காரர் சொன்னதில் பாதி உண்மை. கூகுள் சர்ச் கன்சோல் உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்குகளை மட்டுமே காட்டும். எதிராளியுடையது அதில் தெரியாது. அதனால் அது தேவையில்லை என்று ஆகிவிடாது. நம்மிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே இல்லாதது தெரியும்?

பலருக்குத் தெரியாதது பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ். "பிங்கை யாருங்க பார்க்கறாங்க" என்று மச்சானே சிரித்தார். தேடுகிறவர்கள் பார்க்காவிட்டால் என்ன, அது ஒரு பெரிய தேடுபொறி. தானே ஊர்ந்து, தானே பட்டியல் போடுகிறது. அதன் பேக்லிங்க் பகுதியில் உங்கள் தளத்தோடு வேறு தளங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. சர்ச் கன்சோலில் ஏற்கெனவே தளத்தைச் சேர்த்திருந்தால் அங்கிருந்தே இங்கே கொண்டுவந்துவிடலாம், சில நிமிட வேலை. ஒரு தேடுபொறியே எதிராளியின் லிங்க்கைக் காசில்லாமல் காட்டுகிறது என்பது இன்றைய நிலையில் பெரிய விஷயம். பட்டியல் முழுமையானது இல்லை. சின்னக் கடைகளுக்கு அதுவே கணிசமாக வந்தது.

அப்புறம் காசு வாங்கும் கம்பெனிகளின் இலவச ஜன்னல்கள். அஹ்ரெஃப்ஸின் இலவசச் சோதிப்பான் ஒரு தளத்துக்கு வரும் முதல் 100 லிங்க்குகளைக் காட்டுகிறது. மோஸில் ஒரு கணக்கு தொடங்கினால் மாதம் பத்து தடவை பார்க்கலாம். செம்ரஷ் தினமும் பத்துக் கோரிக்கை வரை விடுகிறது. எல்லாமே கடையில் தரும் மாதிரி வாய்க்கு ஒரு துண்டு. ஆனால் எதிராளியும் சின்னவர் என்றால் அந்த நூறு லிங்க்கிலேயே கதை பாதி முடிந்துவிடும்.

கையால் தேடுவதை யாரும் வழி என்றே சொல்வதில்லை, எனக்கு அது பிடிக்கும். எதிராளியின் கடைப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, அவர் சொந்தத் தளத்தை மைனஸ் குறியால் விலக்கிவிட்டுக் கூகுளில் தேடுங்கள். அவரைப் பற்றி எழுதிய செய்தி, அவர் கலந்துகொண்ட கண்காட்சிப் பட்டியல், கல்லூரி மாணவர்கள் பார்க்க வந்த படம் எல்லாம் வரும். லிங்க் கொடுக்காமல் பெயரை மட்டும் சொன்ன பக்கங்களும் வரும். எந்தக் கருவியின் லிங்க் பட்டியலிலும் இவை இருக்காது. உங்கள் பெயரைப் போட்டும் ஒரு தடவை இதையே செய்யுங்கள். பெயர் சொல்லி லிங்க் கொடுக்காமல் விட்டவர்களிடம் கேட்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை.

இலவச வழிக்கு விலை நேரம். நாலு எதிராளிக்கு இதையெல்லாம் செய்து ஒரே தாளில் சேர்க்க எனக்கு மூன்று மாலை நேரங்கள் போயின.

காசு கொடுத்தால்

அஹ்ரெஃப்ஸ் சிங்கப்பூர் கம்பெனி. சுட்டி போடுவதற்கான ஹெச்.டி.எம்.எல். குறியீட்டையே பெயராக வைத்துக்கொண்டார்கள். லிங்க் வேலைக்கு இது கையில் நன்றாக உட்காருகிறது என்பது என் அனுபவம். புது லிங்க் சீக்கிரம் ஏறுகிறது, போன லிங்க்கையும் தனியாகக் காட்டுகிறது. எனக்கு இதில் மிகவும் பயன்பட்டது ஒன்று உண்டு. எதிராளியின் பக்கங்களில் எவை அதிக லிங்க் வாங்கியிருக்கின்றன என்று வரிசைப்படுத்தி, அவற்றில் இப்போது திறக்காத பக்கங்களை மட்டும் வடிகட்டலாம். யாரோ ஒருவர் 'கொப்பரை காயவைக்கும் முறை' என்று எழுதிய பக்கத்துக்குப் பலர் லிங்க் கொடுத்திருப்பார்கள். அவர் தளத்தை மாற்றியபோது அந்தப் பக்கம் காணாமல் போயிருக்கும். அதே விஷயத்தை நாம் இன்னும் நன்றாக எழுதிவைத்து, அந்த லிங்க் கொடுத்தவர்களுக்கு "உங்கள் சுட்டி உடைந்திருக்கிறது, இதோ வேறொன்று" என்று மெயில் போடலாம். வெறுமனே லிங்க் கேட்டுப் போடும் மெயிலைவிட இதற்குப் பதில் வருகிறது. அவர்களுக்கும் இது உதவிதானே.

விலைதான் கடிக்கும். நான் கடைசியாகப் பார்த்தபோது லைட் திட்டம் மாதம் 129 டாலர், பதினோராயிரம் ரூபாய்க்கு மேல். அதைவிடக் குறைந்த ஒரு தொடக்கத் திட்டமும் இருந்தது. அதில் பார்க்கக் கிடைக்கும் வரிசைகள் மிகக் குறைவு, நாலு கடைகளை அலசப் போதாது.

இந்திய விலாசத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். ஜி.எஸ்.டி. எண் வைத்திருப்பவர்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு ரிவர்ஸ் சார்ஜில் தாங்களே கட்டி, கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கார்டுக்காரர் அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு பிடிப்பார். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தானாகப் பணம் எடுப்பதற்குப் புது விதி கொண்டுவந்ததிலிருந்து வெளிநாட்டுச் சந்தாக்கள் பல இரண்டாவது மாதத்தில் தடுக்கி விழுகின்றன. மற்ற விஷயங்களில் அது தொல்லை. இந்த விஷயத்தில் கும்பிடு போடலாம், ஏனென்றால் நமக்குத் தேவை ஒரே ஒரு மாதம்தான்.

செம்ரஷ் 2008-இல் தொடங்கியது. லைட்டுக்குச் சமமான திட்டம் நான் பார்த்தபோது சுமார் 140 டாலர். லிங்க் அதில் ஒரு மூலை மட்டும். சொல் தேடல், விளம்பர ஆய்வு, தளப் பரிசோதனை என்று ஒரு பலசரக்குக் கடையே உள்ளே இருக்கிறது. கூகுள் விளம்பரத்துக்கும் காசு போடுகிற கடை என்றால் இதுதான் கணக்குக்கு ஒத்துவரும். இதில் உள்ள பேக்லிங்க் கேப் என்ற கருவி உங்கள் தளத்தையும் நாலு எதிராளிகளையும் ஒன்றாகப் போட்டு, அவர்களுக்கு லிங்க் கொடுத்து உங்களுக்குக் கொடுக்காதவர்களைத் தனியாக எடுத்துக் கொடுக்கும். சோதனைக் காலம் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே எதிராளிகளின் பட்டியலைத் தயாராக வைத்துக்கொண்டு அந்த நாட்களுக்குள் எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொள்கிற கெட்டிக்காரர்களையும் எனக்குத் தெரியும். 2025 நவம்பரில் அடோபி இந்தக் கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்தது. ஆகவே விலையும் திட்டங்களும் இப்படியே இருக்கும் என்று வருஷச் சந்தா கட்ட வேண்டாம்.

செம்ரஷில் ஒரு குறை எனக்கு உண்டு. உங்கள் தளத்துக்கு வரும் லிங்க்குகளில் இத்தனை 'விஷம்' என்று சிவப்பில் காட்டும். புதியவர்கள் பதறிப்போய், 'இந்த லிங்க்கை எண்ணாதே' என்று கூகுளிடம் சொல்லும் டிஸவோ கருவியில் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிடுவார்கள். பெரும்பாலான தளங்களுக்கு டிஸவோ தேவையே படாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. காசு கொடுத்துக் குப்பை லிங்க் வாங்கியிருந்தால் ஒழிய அந்தச் சிவப்பைக் கண்டுகொள்ளாதீர்கள்.

மெஜஸ்டிக் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருந்து வருவது. 50 டாலருக்குப் பக்கத்தில் கிடைப்பதால் விலையில் இதுதான் பாதிக்கும் கீழே. லிங்க் தவிர வேறொன்றும் இதில் பெரிதாக இல்லை, முகப்பும் பழையது. ஆனால் இதில் ஒரு கணக்கு எனக்குப் பிடிக்கும். சைட்டேஷன் ஃப்ளோ என்பது எத்தனை லிங்க் என்பதன் பக்கம் சாய்ந்த எண். டிரஸ்ட் ஃப்ளோ என்பது நம்பகமான தளங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதன் எண். முதலாவது 40, இரண்டாவது 5 என்று ஒரு தளம் நின்றால், லிங்க் நிறைய இருக்கிறது, நல்ல இடத்திலிருந்து வரவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். புதிய லிங்க்குக்கு ஒரு கிடங்கு, பல வருஷப் பழைய லிங்க்குக்கு இன்னொரு கிடங்கு என்று இரண்டாக வைத்திருக்கிறார்கள். ஐந்து வருஷம் முன்பு எதிராளி எப்படி மேலே வந்தார் என்று தோண்ட அந்தப் பழைய கிடங்கு உதவும், ஆனால் 50 டாலர் திட்டத்தில் அது வராது, அதற்கு மேல் உள்ள திட்டம் வேண்டும். எதிராளியின் லிங்க்கை மட்டும் பார்த்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மோஸ் பழைய பெயர், டொமைன் அத்தாரிட்டி என்ற எண்ணைப் பிரபலமாக்கியவர்கள். இன்று புதிதாகக் காசு கட்டி லிங்க் பார்க்க அங்கே போகக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மோஸின் டொமைன் அத்தாரிட்டி, அஹ்ரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங், செம்ரஷின் அத்தாரிட்டி ஸ்கோர் எல்லாம் அந்தந்தக் கம்பெனி தானே போட்டுக்கொண்ட மார்க். கூகுள் இவற்றைப் பார்ப்பதில்லை. கூகுள் தன் பேஜ்ரேங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016-இல் நிறுத்திவிட்டது, அந்த இடத்தை இவை பிடித்துக்கொண்டன. இரண்டு எதிராளிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும், அதற்கு மேல் இல்லை. ஆனால் லிங்க் விற்பவர்கள் இந்த எண்ணை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். 'அத்தாரிட்டி 50, ஒரு லிங்க் இவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் வரும். எண்ணை ஏற்றுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியாலும் காட்ட முடியாத லிங்க்குகளும் உண்டு. எந்த ஊர்ந்தி உள்ளே வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தள உரிமையாளர் ஒரு வரி எழுதினால் போதும், அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் ஊர்ந்திகள் உள்ளே வராது, கூகுள் மட்டும் வரும். லிங்க் விற்பதற்காகவே தளங்களை வைத்திருப்பவர்கள் இதைச் செய்வது வழக்கம். எதிராளிக்கு லிங்க்கே தெரியவில்லை, ஆனாலும் மேலே நிற்கிறார் என்றால் அவர் பக்கம் நன்றாக இருக்கலாம், அல்லது இந்தக் கதையாகவும் இருக்கலாம்.

கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் காமன் கிரால் என்று ஒரு வழி இருக்கிறது. லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு இணையத்தை ஊர்ந்து, எந்த டொமைன் எந்த டொமைனுக்கு லிங்க் கொடுக்கிறது என்ற வலைப்படத்தை இலவசமாக வெளியிடுகிறது. பெரிய பெரிய கோப்புகள், நிரல் எழுதத் தெரிய வேண்டும். எண்ணெய்க் கடைக்கு இது ஆனை பூட்டிய ஏரில் கீரைப் பாத்தி உழுவது மாதிரி.

ஏஜென்சி

மச்சானிடம் 15,000 கேட்டவர்களின் மாதிரி அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். நாற்பது பக்கம். பாதி, நான் மேலே சொன்ன கருவிகளில் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்த வரைபடங்கள். மீதியில் 'மாதம் 30 தரமான பேக்லிங்க்' என்று இருந்தது. அது எங்கிருந்து வரும் என்று கேட்டதற்கு "அது எங்க நெட்வொர்க்ல இருந்து சார்" என்றார்கள். அந்த 'நெட்வொர்க்' என்ற சொல் வந்ததும் நான் போனை வைத்துவிட்டேன்.

நெட்வொர்க் என்றால் லிங்க் விற்பதற்காகவே வைத்திருக்கும் தளங்கள். நான் ஒதுங்கக் காரணம் பழைய கதைதான். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய சில்லறைக் கடையைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் பண்டிகைக் காலம் முழுக்க அந்தக் கடையே முதலில் வந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், சம்பந்தமே இல்லாத தளங்களில் எல்லாம் அதற்கு லிங்க் ஒட்டியிருந்தது. கூகுள் தண்டித்தபோது, வரவேற்பறை மேசை நாற்காலிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை 68-ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்குத் தெரியாது என்று சொன்ன கடை, தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவர வைத்திருந்த தன் எஸ்.இ.ஓ. ஆட்களை நீக்கியது. அடுத்த வருஷம் ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்து இதையெல்லாம் இயந்திரத்திடமே ஒப்படைத்துவிட்டது. இப்போது பெரும்பாலும் தண்டனை கூட வராது, வாங்கிய லிங்க் எண்ணப்படாமலே போகும். மாதம் 15,000 கட்டி, எண்ணப்படாத லிங்க் வாங்குவதை என்னவென்று சொல்வது?

எல்லா ஏஜென்சியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். பத்திரிகையாளர்களோடு பழக்கம் வைத்து, நம் தொழிலைப் பற்றி எழுதத்தக்க விஷயத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாதத்துக்கு இத்தனை லிங்க் என்று எண்ணிக்கை பேச மாட்டார்கள். எதிராளியின் பட்டியலில் எந்தெந்த லிங்க்கை நாம் பின்தொடரக் கூடாது, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பேச்சைத் தொடரலாம்.

நாங்கள் செய்தது

இரண்டு வாரம் இலவச வழி. அதில் எதிராளிகள் நாலு பேரை உறுதி செய்துகொண்டோம். அதற்கப்புறம் ஒரே ஒரு மாதம் அஹ்ரெஃப்ஸ் லைட். ஆங்கிலத் தேடலில்தான் போட்டி என்பதாலும், உடைந்த பக்கங்களைத் தேட வேண்டியிருந்ததாலும் அதை எடுத்தோம். இல்லாவிட்டால் மெஜஸ்டிக்கே போதும் என்றிருப்பேன். முதல் நாளே நாலு பேருடைய டொமைன் பட்டியலையும் பதிவிறக்கி, ஒரே கூகுள் ஷீட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொரு டொமைனும் எத்தனை பேர் பட்டியலில் வருகிறது என்று எண்ண வைத்தேன். நாலு பேருக்கும் லிங்க் கொடுத்தவர், மூன்று பேருக்குக் கொடுத்தவர் என்று மேலே வந்து நின்றார்கள். இதற்கு விலையுயர்ந்த திட்டத்தில் தனிக் கருவியே இருக்கலாம், ஷீட்டில் ஒரு வரி சூத்திரமும் இதே வேலையைச் செய்துவிடும்.

மேலே வந்தவற்றில் பெரும்பகுதி ஜஸ்ட் டயல், இந்தியாமார்ட் மாதிரிப் பட்டியல் தளங்கள். அவற்றில் பதிந்துவிட்டு நகர்ந்துவிடலாம், ஒரு மாலை வேலை. யூடியூப் விளக்கக் குறிப்பு, விக்கிப்பீடியா, ஃபேஸ்புக் லிங்க்குகள் நோஃபாலோ, அதாவது இதைச் சிபாரிசாக எண்ண வேண்டாம் என்று குறி போட்டவை. கூகுள் 2019-லிருந்து நோஃபாலோவைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறது என்றாலும், அதற்காக மெனக்கெட வேண்டாம். ஆள் வந்து எண்ணெய் வாங்கினால் வாங்கட்டும். எங்கோ ஒரு நாட்டு மொழியில் சூதாட்டத் தளங்களுக்கு நடுவே எதிராளியின் பெயர் இருந்தால் அது குப்பை, பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

மீதி இருந்தது அறுபது எழுபது டொமைன்கள். நான் வழக்கம்போல் ரேட்டிங் 20-க்குக் கீழே இருப்பதை மறைத்துவிட்டு மச்சானுக்கு அனுப்பினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அனுப்புங்க மாப்ள, மறைக்காம" என்றார்.

மறுநாள் மதியம் போன் வந்தது. மறைத்து வைத்திருந்த வரிசைகளில், ரேட்டிங் 3 என்று கிடந்த ஒரு டொமைனை அவர் அடையாளம் கண்டுவிட்டார். செக்கு செய்து விற்கும் ஒரு பட்டறையின் தளம். 'எங்கள் வாடிக்கையாளர்கள்' என்ற பக்கத்தில் எதிராளிகள் மூன்று பேருடைய பெயரும், லிங்க்கும். நான் அந்த டொமைன் பெயரைப் பத்துத் தடவை கடந்து போயிருக்கிறேன், எனக்கு அது வெறும் ஆங்கில எழுத்துகள். மச்சானின் வாகைமரச் செக்கும் அதே பட்டறையில் செய்ததுதான். அதற்குக் கீழே இன்னொன்று, விவசாயிகள் கூட்டு நிறுவனம் ஒன்றின் பக்கம். கொப்பரை வாங்குகிறவர்கள் பட்டியலில் எதிராளி இருந்தார். மச்சானும் அங்கே வாங்குகிறவர்தான். மூன்றாவது, ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொழிற்கூடம் பார்க்க வந்ததைப் பற்றிய குறிப்பு. "அதுங்க நம்ம ஊர்ப் புள்ளைக படிக்கிற காலேஜு. நம்ம செக்கையும் வந்து பாருங்கன்னா வரமாட்டாங்களா?"

மாதம் முடிந்ததும் சந்தாவை நிறுத்தினேன். பட்டியல் மட்டும் ஷீட்டில் இருக்கிறது. மச்சான் அதில் தனியாக ஒரு பத்தி சேர்த்து, யாரிடம் பேசினார், என்ன சொன்னார்கள் என்று எழுதிவருகிறார். பட்டறைக்காரர் பெயரைச் சேர்த்துவிட்டார், கடைப் பெயரை மட்டும் தப்பாக எழுதிவிட்டார். அதைத் திருத்தச் சொல்லி இரண்டாவது தடவை போன் போட்டிருக்கிறார் மச்சான்.